தங்கச் சக்கரம்

பைக் சக்கரத்துக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிப்பது கடைசியில் கொஞ்ச நேரம்தான். மற்றதெல்லாம் சுரண்டல்.

என் பல்சரின் அலாய் வீல், பஞ்சர் கடை இரும்புப் பட்டைகளிடம் வருஷக்கணக்கில் கீறல் வாங்கித் தோலுரிந்து கிடந்தது. டயரைக் கழற்றிவிட்டு வீலை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். பெயின்ட் ரிமூவரைத் திறந்த வெளியில்தான் பூச வேண்டும். அடைத்த குளியலறைக்குள் அதைப் பூசி உயிரையே விட்டவர்கள் அமெரிக்காவில் உண்டு. பல ரிமூவர்களில் இருக்கும் டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் அக்கினி நட்சத்திரத்தின்போது, பெயின்ட் கழல்வதற்குள் ரிமூவர் கிளம்பிவிடும். ஆகவே விடிவதற்கு முன் கையுறையோடு பூசி, பாலித்தீன் சுற்றி மூட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் அப்பளம்போலப் பொரிந்து எழும்பும். இந்த வேலையில் சந்தோஷம் தரும் ஒரே கட்டம் அதுதான்.

அதையும் எதிர்வீட்டு மாமா விடவில்லை. "எதுக்குப்பா இவ்ளோ கஷ்டம்? சாக்கடை அடைப்புக்குப் போடுற காஸ்டிக் சோடாவைக் கரைச்சு ஊத்து, எல்லாம் போயிடும்" என்றார்.

வாஸ்தவம், எல்லாம் போய்விடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரித்து ஹைட்ரஜனைப் பொங்க வைக்கும். மாமா இரும்பு கேட் காலத்து மனிதர்.

பிறகு உப்புத்தாள். 120-இல் ஆரம்பித்து 400 வரை போகலாம். நம்பர் ஏற ஏற நைஸ். சமதளம் எல்லாம் சொகுசு. ஆனால் ஆரக்கால் போய் ஹப்பில் சேரும் அந்த மூலையை வரைந்த எஞ்சினியர், வாழ்நாளில் ஒரு சக்கரத்தைக் கூடக் கையால் தேய்த்திருக்க மாட்டார். தேய்த்து முடித்த அலுமினியம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். சாதா பிரைமர் அதில் சரியாகப் பிடிக்காது. எட்ச் பிரைமர்தான் அதைக் கொஞ்சம் கடித்து ஒட்டும்.

புது பெயின்டில் பஞ்சர் கடைப் பட்டை படக் கூடாதென்று, பிரைமருக்கு முன்பே டயரை மாட்டிவிட்டேன். காற்றை இறக்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சுற்றிலும் அட்டை செருகினால் டயரில் பெயின்ட் படாது. இதற்குக் கல்யாணப் பத்திரிகையை மிஞ்சிய அட்டை கிடையாது. மனைவி அலமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். பிள்ளையார் படங்களை அம்மா முன்கூட்டியே கத்தரித்து வாங்கிக்கொண்டாள். மிச்சத்தில் தெரிந்தது: என் சொந்தக்காரர்களின் பத்திரிகை டயரின் வளைவுக்கு மடங்கிவிடுகிறது, மனைவி பக்கத்துப் பத்திரிகை நிமிர்ந்து நிற்கிறது. இதை அவள் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

அடுத்து, ஜி.பி. ரோட்டில் வாங்கிய மேட் பிளாக் கேனைக் குலுக்கினேன்.

"மஞ்சள் தடவின பத்திரிகை மேல கறுப்பா?" என்றாள் அம்மா. அப்பீல் இல்லை. திரும்பவும் ஜி.பி. ரோடு. மங்களகரமாக இருந்தது தங்கநிறம் மட்டும்தான்.

மெல்லிசாக ஒரு கோட், காய்ந்ததும் இன்னொன்று. வழியவில்லை, புள்ளி விழவில்லை. பத்திரிகைகளை உருவும்போதுதான் மனைவி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வருகிற வெள்ளிக்கிழமைக் கல்யாணம். மண்டபம் தெரிகிறது, முகூர்த்த நேரம் இருந்த இடம் தகதகவென்றிருந்தது.

பெரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பத்திரிகையிலேயே இருக்கேடி!"

"தங்கக் கலர்ல அடிச்சிருக்கு பெரியம்மா, படிக்க முடியல."

"சிவப்புலதானே அடிக்கச் சொன்னோம்? இருடி, அந்தப் பிரஸ்காரனை என்னன்னு கேட்கிறேன்!"