பனிக்கடலில் ஒரு நாயகன்

கேள்வி: இரும்புக்கை மாயாவி, டெக்ஸ் வில்லர் தாண்டி வேறு காமிக்ஸ் படித்ததில்லை. புதிதாக எதில் தொடங்கலாம் சார்?

பதில்: தோர்கல்! கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். படிக்கும்போது திறந்தால் போதும். கடலில் கிடைத்த குழந்தையை வைகிங்குகள் வளர்க்கிறார்கள். அவன் பூர்வீகமோ நட்சத்திரங்களுக்கு அப்பால். வில்லெடுத்தால் குறி தப்பாது. ஆனால் அவன் ஆசையெல்லாம் மனைவி ஆரிசியா, பிள்ளைகளோடு நிம்மதியாக வாழ்வதுதான். விட்டால்தானே! 1977இல் பெல்ஜியத்தின் வான் ஹாம் எழுத, போலந்தின் ரோசின்ஸ்கி வரையத் தொடங்கிய தொடர். ரோசின்ஸ்கியின் பனிப் பக்கங்களைப் புரட்டினால் சித்திரை வெயிலிலும் போர்வை தேடுவீர்கள். தமிழில் லயன்-முத்து காமிக்ஸ் வெளியிட்டிருக்கிறது. வரிசை மாறாமல் படியுங்கள். மகன் ஜோலன் கதையோடு சேர்ந்தே வளர்கிறான்.