மலிவு டிக்கெட் யாருக்கு?

கேள்வி: மலிவு விலை விமானங்கள் வந்தும் சென்னை டிக்கெட் கையைக் கடிக்கிறதே? (அந்தமான் மின்னி பே வாசகர்)

பதில்: போட்டி இருந்தால்தானே விலை இறங்கும்! உங்கள் தீவுக்குப் பறந்த கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றுபோனது. மதுரைக்காரருக்கு டிக்கெட் ஏறினால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. உங்களுக்குக் கப்பல், அதுவும் சுமார் மூன்று நாள். விமானத்தில் முதலில் விற்கும் சீட்டு மலிவு, கடைசிச் சீட்டு யானை விலை. முன்கூட்டியே திட்டமிடும் தேனிலவு ஜோடிக்கு மலிவு. அப்பாவை அவசரமாகச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் தீவுக்காரருக்கு யானை. இது அநியாயம். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தானபோது மத்திய அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்ததே, அந்தக் கடிவாளம் தீவுவாசிகளுக்கு வருஷம் முழுக்க வேண்டும்.