ஏழு தட்டுல ஒரு பட்டம்

வாடா பேராண்டி, கும்மிடிப்பூண்டி லோக்கல்ல உக்கார இடம் கிடைச்சுதா? குந்து. லேப்டாப்பை அப்புறம் தொறக்கலாம்.

சிப்காட்ல ஒரு இரும்பு ஆலைக்கு நான் வாட்ச்மேன். ஷிப்ட்டு விட்டா அத்தினி பேர் டிபன் பாக்ஸையும் தொறந்து பாப்பேன். ஒரு ஆணி சிக்கலை. சரக்கு போனது பின்பக்கச் சுவத்து ஓட்டையில. அதைப் போட்டவன் திருடன் இல்லடா, டீக்கடைக்குச் சுத்திப் போகச் சோம்பல்பட்ட நம்ம ஆளுங்கதான்.

நீயும் அதே ஜாதகம். 'பில்டு நம்பர்' மேல ஏழு தட்டு தட்டுனே, போனு உன்னை டெவலப்பர்னு சொல்லிடுச்சு. உங்கப்பன் காலேஜுக்குக் கட்டுன பணம் தண்டம்! யூஎஸ்பி வழியா போனுக்குள்ள நுழைய விடுற டிபக்கிங் கதவைத் தொறந்தே, மூடுனியா? போதாதுன்னு போன் போட்ட பூட்டை ஒடைச்சு ரூட் வேற பண்ணிட்டே. இப்ப பேங்க் ஆப்பு உன்னையே வெளிய நிக்க வைக்குது. வேரை நோண்டிட்டு மரம் ஏன் ஆடுதுன்னு கேக்குறியே!

அந்தப் பின்பக்க ஓட்டைக் கதை பெரிய எடத்துலயும் நடந்துச்சு. லாஸ்ட்பாஸ்னு ஒரு கம்பெனி. ஊரார் பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிறதே தொழில். முக்கியமான சாவி நாலே நாலு என்ஜினீயருங்க கையில. 2022ல திருடன் கம்பெனி வாசலுக்குப் போவல. அந்த நாலு பேர்ல ஒருத்தர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனான். படம் பாக்குற ப்ளெக்ஸ் அதுல இருந்துச்சு. அதோட ஓட்டையை அடைக்க 2020 மே மாசமே அப்டேட் வந்தாச்சு. மனுசன் போடலை. அவர் தட்டுன பாஸ்வேர்டைத் திருடன் அப்படியே புடிச்சுக்கிட்டான்.

நம்ம கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பாரு. வைரஸ் புகுந்திருக்குன்னு 2019 செப்டம்பர் 4ஆம் தேதியே அரசோட கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் எச்சரிச்சுது. அக்டோபர் 29ல 'பொய்த் தகவல்'னு அறிக்கை. மறுநாளே 'வைரஸ் வந்தது நெசம்'னு இன்னொரு அறிக்கை! ஆனா ஒண்ணு. மாட்டுனது நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்டுல கெடந்த கம்ப்யூட்டரு. அணு உலையை ஓட்டுற சிஸ்டத்துக்கும் அதுக்கும் தொடுப்பே இல்ல. அங்க வேலி காப்பாத்துச்சு. அந்த லாஸ்ட்பாஸ் என்ஜினீயர் வீட்ல வேலியே இல்ல.

அதான் சொல்றேன்: ஆபீஸ் வேலையையும் ஆட்டம் பாட்டத்தையும் ஒரே பொட்டியில கட்டாதே. நோண்டணுமா, அதுக்குன்னு ஒரு பழைய போனை வச்சுக்கோ. அப்டேட் வந்தா 'நாளைக்கு'ன்னு அமுக்காதே.

என்ன முழிக்கிறே? அந்த டிபக்கிங்கை மூடு மொதல்ல. பழவேற்காட்டு எறாக் கொழம்பு அப்புறந்தான்.