ஷட்காலமும் ஐ-செவனும்

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தின் சரித்திரத்தில் அரசாங்கம் இரண்டு முறை மண்வெட்டி எடுத்திருக்கிறது. முதல் முறை, 18-ஆம் நூற்றாண்டில். எட்டுவீட்டுப் பிள்ளைமார்களில் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளை, திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் வாலாட்டினார். மகாராஜா பிள்ளைமார் கதையை முடித்து, வீடுகளை இடித்து, அந்த இடத்தில் குளம் தோண்டிவிட்டார் என்பது ஊர்க்கதை. இரண்டாவது முறை, 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்குக்காக. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. இந்தத் தடவை யாரையும் வெட்டவில்லை, வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே பகலெல்லாம் பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவர்களுக்கு ராத்திரியானால் பேண்டு வைக்கும் ஆசை வந்துவிடுகிறது. நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வருகிறவர்களும் விதிவிலக்கில்லை. "மக்கா, பாட்டு போடணும்னா ஐ-செவன் வாங்கணுமா, மேக் வாங்கணுமா?" ஏதோ நேற்று முளைத்த பிரச்சினை மாதிரி கேட்கிறார்கள். திருவிதாங்கூருக்கு இது கிட்டத்தட்ட 200 வருஷத் தலைவலி.

இந்தச் சமஸ்தானத்தில் இசைக்கு ஹார்டுவேர் வாங்கி அழகு பார்த்தவர் சுவாதித் திருநாள் மகாராஜா (1813-1846). தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, வெள்ளைக்காரன் நின்றுகொண்டு வாசித்த ஃபிடிலைத் தரையில் சம்மணம் போட்டு வாசித்துக்காட்டினார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. 1834-இல் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தந்தத்தால் நாதம் கூடுமா என்று சபையில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் கழுத்து கழன்றிருக்கும். கீபோர்டுக்கு அடியில் ஏழு கலரில் லைட் எரிகிற கேமிங் லேப்டாப்பை வாங்கி, "சவுண்டு சும்மா அள்ளுது" என்கிறவர் அந்தச் சபையின் வாரிசு.

அதே சபைக்கு வந்தவர் ராமமங்கலத்து ஷட்கால கோவிந்த மாரார். அவர் தம்புராவே ஸ்பெஷல் ஆர்டர். ஊரெல்லாம் நாலு தந்தி வைத்திருக்க, அவருடையதில் ஏழு. உச்சியில் ஒரு கொடி வேறு பறக்கும். ஒரே பல்லவியை ஆறு காலத்தில், அதாவது ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு வேகத்தில் பாடுவாராம். அடிப்படை வேகத்துக்கு 32 மடங்கு. கூலிங் ஃபேன் கிடையாது. மேல் துண்டால் விசிறிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் பெயர் நின்றது வேகத்தால் அல்ல. ஆறாம் காலத்திலும் தாளம் தொடங்கும் இடமான சமத்துக்குச் சரியாக வந்து விழுந்ததால். சமத்தைத் தவறவிட்டிருந்தால் அதற்குப் பெயர் ஷட்காலம் இல்லை, உளறல்.

வேகத்தைவிடத் தாளம் தப்பாததே பெரிது என்ற இந்த உண்மையை உலகம் மறுபடி கண்டுபிடிக்க 1985 ஆயிற்று. அந்த வருஷம் அட்டாரி எஸ்டி என்றொரு கம்ப்யூட்டர் வந்தது. பிராசசர் வேகம் 8 மெகாஹெர்ட்ஸ். அட்டாரி என்றால் வீடியோ கேம் கம்பெனி என்பதால் ஆபீஸ்காரர்கள் அதை மதிக்கவில்லை. ஆனால் அதன் உடம்பிலேயே, வாத்தியமும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள இரண்டு மிடி ஓட்டைகள் இருந்தன. தனியாகக் கார்டு வாங்கிச் சொருக வேண்டாம்; சிந்தசைசரைச் செருகினால் தாளம் தப்பாமல் ஓடும். அந்த இரண்டு ஓட்டைகளுக்காகவே உலகத்து ஸ்டூடியோக்கள் அதை வாரிக்கொண்டு போயின. வேகமான மெஷின்கள் எல்லாம் கணக்கெழுதப் போய்விட்டன.

நம் பக்கம் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா, எழுதிவைத்த ஸ்வரத்தைத் தானே வாசிக்கும் சீக்வென்சரை இறக்கினார். அவர் குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவர் திலீப் என்ற பையன். மலையாளப் படங்களில் பேர்பெற்ற ஆர்.கே.சேகரின் மகன். 1976-இல் அப்பா இறந்ததும், அவர் விட்டுப்போன வாத்தியங்களை அம்மா வாடகைக்கு விட்டுத்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. 'என்ன கான்ஃபிகரேஷன்' என்பது அந்த வீட்டில் வீண் அரட்டை இல்லை, மாதச் சம்பளம். பையன் ஏ.ஆர்.ரஹ்மான் ஆகி, 1989-இல் வீட்டை ஒட்டியே ஸ்டூடியோ கட்டி, 1992-இல் தமிழில் 'ரோஜா', மலையாளத்தில் 'யோதா' என்று இரண்டு பக்கமும் கணக்கைத் தீர்த்தார்.

சரி, கழக்கூட்டத்துக்காரர் என்ன வாங்குவது? முதலில், ஆபீஸ் லேப்டாப் ஆகாது. அட்மின் பாஸ்வேர்டு ஐடி ஆசாமியிடம் இருக்கும். அனுபல்லவியில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் தொடங்கும். தனி ஆவர்த்தனத்தில் 'ரீஸ்டார்ட் செய்யவா?' என்று கேட்கும். சொந்த மெஷின், சாம்பிள்களைத் தாங்க 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ். மேடையில் வைஃபையை அணைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் சாஸ்திரம்.

அடுத்து லேட்டன்சி, அதாவது கட்டையைத் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவிலுள்ள தாமதம். 'பஃபரை 256-இல் வைத்தால் 6 மில்லிசெகண்ட் பிந்துகிறதே' என்று தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்த மிருதங்கக்காரரின் வாசிப்பு பாடகருக்கு அதே 6 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவரை யாரும் டிரைவர் அப்டேட் பண்ணச் சொல்லவில்லை. கெடுப்பது தாமதம் அல்ல, ஒழுங்கில்லாத தாமதம். ஒரு தடவை 6, மறு தடவை 40 என்று வருகிற மெஷினையும் அப்படி வருகிற டிரம்மரையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

கடைசியாக, கோயில் உற்சவ மேடை. அங்கே எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சுருதிக் கணக்குப்படி ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. பதற வேண்டாம். ஐந்து கட்டையில் பாடுகிற அம்மணிக்கு அது ஷட்ஜம். ஒரு கட்டைக்காரருக்குப் பஞ்சமம். இரண்டு கட்டைக்காரருக்கு மத்தியம சுருதி. மூன்று கட்டைக்காரர் மட்டும், ஹம்மை வெட்ட கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்று சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளட்டும்.