அட்சதையும் பிட்ரேட்டும்: மெகா தொடரைத் தட்டில் அடக்குவது குறித்து ஓர் ஆய்வு

தட்டோ சிறிதே தொடரோ பெரிதே
வெட்டியும் நெருக்கியும் அடக்கல் கடனே

என்பது நூற்பா. இது என் நுதலிற்றோ எனின், டிவிடியில் மெகா தொடரை அடக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. தட்டு என்றது சோற்றுத் தட்டை அன்று; 12 சென்டிமீட்டர் விட்டமும் நடுவில் விரல் நுழையும் ஓட்டையும் உடைய பிளாஸ்டிக் தட்டை. வெட்டி என்றது விளம்பரத்தை. நெருக்கி என்றது படத்தை. சிறிதே, பெரிதே என்னும் ஏகாரங்கள் இரண்டும் இரக்கப் பொருளில் வந்தன. நூற்பாவை இயற்றியவரும் உரை எழுதியவரும் இவ்வாய்வாளரே. வேறு யாரும் கிடைக்கவில்லை.

ஆய்வுக் களம் திருச்சி உறையூர். காலம் 2008, அதாவது, கரண்ட் எப்போது போகும் என்பதைத் தவிர வேறெதையும் உறுதியாகச் சொல்ல முடியாதிருந்த காலம். ஆய்வுக்கு நிதி நல்கியவர் அத்தை. நிதி என்பது ஒரு டப்பா கைமுறுக்கு. எட்டரை மணித் தொடர் பாதியில் அணைந்துவிடுகிறது என்ற துயரமும், சென்னையில் இருக்கும் மருமகன் (இவ்வாய்வாளர்தான்) கம்ப்யூட்டரில் டிவியைப் பதியும் ட்யூனர் கார்டு வைத்திருக்கிறான் என்ற செய்தியும் ஒரே வாரத்தில் அவரை வந்தடைந்தன.

“டேய், அதை அப்படியே சிடில ரைட் பண்ணி, ஊருக்கு வர்றவங்க யார்கிட்டயாவது குடுத்து விடேன்.”

இதில் ‘அப்படியே’ என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாமே எளிது.

முதலில் சொல்லாய்வு. அத்தை ‘ரைட்’ என்றார். கடைக்காரர் ‘பர்ன்’ என்றார். கம்ப்யூட்டர் இதழ்கள் ‘எரித்தல்’ என்று எழுதின. மூன்றில் எரித்தலே பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், தட்டுக்குள் பூசிய சாயத்தைச் சுட்டுச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. உள்ளே தொடங்கி வெளியே போகும் ஒற்றைச் சுருள் கோலம் அது. ஆனால், “அத்தை, உங்க சீரியலை எரிச்சுக்கிட்டு இருக்கேன்” என்று போனில் சொன்னபோது மறுமுனையில் நீண்ட மௌனம் நிலவியது. ஆகவே இக்கட்டுரையிலும் ‘ரைட்’ என்பதே ஆளப்படும்.

அடுத்து அளவை. உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் செருகினால் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனிக்கு ஆயிரம்தான் ஆயிரம், கம்ப்யூட்டருக்கு 1024. பட்டணம் படியும் ஊர்ப்படியும் வேறு வேறாக இருந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தட்டு கொள்வது 470 கோடி பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக 3760 கோடி பிட். இரண்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் நொடிக்கு 52 லட்சம் வரும்; இதுவே பிட்ரேட். ஒலிக்கு 2 லட்சம் எடுத்து வைத்தால் படத்துக்கு 50 லட்சம். இது சுகஜீவனம். டிவிடி இலக்கணம் படத்துக்கு நொடிக்கு 98 லட்சம் வரை அனுமதிக்கிறது என்றாலும், தினமும் விருந்து சாப்பிடுகிறவர் யார்?

ஆனால் அத்தையின் தொடர் ஆயிரம் பகுதிகளைக் கடந்தது. விளம்பரத்தை வெட்டினால் ஒரு பகுதி 22 நிமிடம். மொத்தம் 22,000 நிமிடம், ஏறத்தாழ 367 மணி. தட்டுக்கு இரண்டு மணி என்றால் 184 தட்டு. தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர் என்பதால் அடுக்கினால் 22 சென்டிமீட்டர், ஒரு சாண் உயரம் வரும். தட்டுக்கு ஆறு மணி என்று நெருக்கினால் 62 தட்டு. நான்கு விரற்கடையில் முடிந்துவிடும். ‘ஒரு சாணா, நாலு விரலா’ என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

டைட்டில் பாட்டை வெட்டலாமே என்ற கருத்து எழுந்தது. பகுதிக்கு ஒன்றரை நிமிடம் வீதம் ஆயிரம் பகுதிக்கு 25 மணி நேரம் மிச்சம். “பாட்டு இல்லாம எப்படிடா ஆரம்பிக்கும்?” என்று நிதி நல்குநர் கேட்டதால் கருத்து கைவிடப்பட்டது.

முந்தைய மரபுகள் இரண்டு. ‘ஒரே டிவிடியில் ஆறு படம்’ என்று உறையில் அச்சிடும் நடைபாதை மரபு ஒன்று. அது 720க்கு 576 புள்ளி கொண்ட படத்தை 352க்கு 288 ஆகக் குறுக்கிவிடும். நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். கதாநாயகனுக்கு மூக்கு உண்டு என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டும். மற்றது தட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றுவது பாவம் என்னும் தூய்மை மரபு. இவர்கள் வீட்டில் படம் பளிங்கு மாதிரி இருக்கும். தட்டு வைக்க இடம் இருக்காது. இவ்வாய்வாளர் அகலத்தை மட்டும் பாதியாக்கி 352க்கு 576 என்று வைத்து, ஆறு மணி நேரத்தை ஏற்றி, நொடிக்கு 15 லட்சம் பிட் கொடுத்தார்.

இந்த 15 லட்சத்தில் எப்படிக் குடித்தனம் நடக்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்தின் பாகுபாடு உதவுகிறது. முதலெழுத்து தனித்து நிற்கும். சார்பெழுத்து பிற எழுத்தைச் சார்ந்து வாழும். டிவிடிக்காகப் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறையிலும் அப்படியே. ‘ஐ’ படம் முதலெழுத்து. முழுப்படமாகத் தன்னந்தனியே நிற்கும். ‘பி’ என்று நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போடும் மற்ற இரு வகைகளும் சார்பெழுத்துகள். ஒரு ‘பி’ முந்தைய படத்தைப் பார்த்து, மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். இன்னொரு ‘பி’, முன்னால் வந்ததையும் பின்னால் வரப்போவதையும் சேர்த்துப் பார்த்து நடுவில் தன்னை வரைந்துகொள்ளும். நாளைய எபிசோடில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு இன்றைக்கு நடிப்பதற்குச் சமம் இது. ஒலிப்புள்ள பகரத்தையும் ஒலிப்பில்லாப் பகரத்தையும் பிரித்து எழுதத் தமிழில் வழியில்லாத குறை இவ்விடத்தில் மட்டும் உறுத்துகிறது. 12 படத்துக்கு ஒரு முதலெழுத்து என்பது வழக்கம். நொடிக்கு 25 படம் ஓடும் நம் நாட்டுக் கணக்கில் நொடிக்கு இரண்டு வரும்.

ஒவ்வொரு படத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டி, எது பருமட்டான மாற்றம், எது நுணுக்கமான மாற்றம் என்று பிரிக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதைக் கண்டவர் பெங்களூருவில் பிறந்த நாசிர் அகமது. 1972இல் நிதி கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் அதை வெளியிட்டது 1974 ஜனவரியில். அவருக்குக் கைமுறுக்குகூடக் கிடைக்கவில்லை என்பதை எண்ணும்போது இவ்வாய்வாளருக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

பிட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் நுணுக்கத்தை முதலில் கைவிடுவார்கள். தட்டுப்பாடு இன்னும் முற்றினால் சதுரம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். திரையில் ‘கட்டம் கட்டமா’ என்று நாம் பார்ப்பது அந்த எட்டுக்கு எட்டைத்தான்.

இனி, எந்தக் காட்சிக்கு எவ்வளவு செலவு? இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. பிட் பங்கீடு அசைவைப் பார்த்து நடக்கிறதே தவிர, முக்கியத்தைப் பார்த்து நடப்பதில்லை. மாமியார் நாற்காலியில் அமர்ந்து சொத்து முழுவதையும் மகள் பேருக்கு எழுதி வைக்கிறார், குடும்பமே சிதறுகிறது, உதடு மட்டும்தான் அசைகிறது. செலவு ஒன்றுமில்லை. கதாநாயகி பூஜையறைத் தூணில் சாய்ந்து மூன்று நிமிடம் அழுகிறாள். கண்ணீர்த் துளி நாலைந்து சதுரம். துக்கம் மலிவு. அதிர்ச்சிதான் விலை கூடுதல். “என்னது!” என்று வில்லி திரும்பியதும் முகம் நெருங்கி, நெருங்கி, மூன்று முறை நெருங்கும், ஒவ்வொரு முறையும் பளீரென்று வெளுக்கும். எம்பெக்-2 கணக்குக்கு ஒரு பொருள் இடமிருந்து வலம் போனால் பின்தொடரத் தெரியும். பெரிதாகிக்கொண்டே வந்தால் திணறும். வெளிச்சம் குபீரென மாறினாலோ முந்தைய படம் எதற்கும் உதவாது.

அனலாக் கேபிளின் எறும்பு வேறு. திரையில் ஊரும் ஒவ்வொரு எறும்பும் எம்பெக்-2 கணக்குக்கு ஓர் அசைவு. ஒரு பாத்திரமும் வாய் திறக்காத காட்சியில்கூட எறும்புகள் உட்கார்ந்து பிட்டைத் தின்கின்றன. கேபிள்காரர் கீழே ஓடவிடும் நகைக்கடை விளம்பர எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஒரு கலங்கல், அதற்கும் பங்கு.

எல்லாவற்றிலும் கொடியது கல்யாணம். தாலி எடுக்கிறார்கள், கெட்டிமேளம், நாற்பது பேர் ஒரே நேரத்தில் அட்சதை தூவுகிறார்கள், பூ பறக்கிறது, கேமரா ஃபிளாஷ் மின்னுகிறது. ஒரு அரிசிக்கும் இன்னொரு அரிசிக்கும் ஒரே திசை கிடையாது. ஏழு மாதம் காத்திருந்த கணம் எதுவோ, அதுவே தட்டுக்குக் கட்டுப்படியாகாத கணம்.

“என்னடா இது, தாலி கட்டற நேரத்துல எல்லார் மூஞ்சியும் கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஆயிடுச்சு?” என்று அத்தை கேட்டதன் அறிவியல் பின்னணி இதுதான்.

தவறு இவ்வாய்வாளருடையது. பந்தியில் ஆளுக்கு ஒரு கரண்டி என்று அளந்து ஊற்றும் முறையில், எல்லா நொடிக்கும் சமமாகவே 15 லட்சத்தை வைத்திருந்தார். சரியான முறை இரு சுற்று. முதல் சுற்றில் இலை போடாமல் தலையை மட்டும் எண்ணுவது. இரண்டாம் சுற்றில் ஆளைப் பார்த்துப் பரிமாறுவது. மாமியாரிடம் மிச்சம் பிடித்ததை மணமேடையில் செலவழிக்கலாம். நேரம்தான் இரட்டிப்பு. இரவு பத்துக்கு ஏற்றினால் காலை பால்காரர் மணியடிக்கும்போது 92 விழுக்காட்டில் நிற்கும். சென்னையிலும் கரண்ட் போகும் என்பது ஒரு நாள் 92 விழுக்காட்டில்தான் தெரிந்தது.

இதற்கிடையே ஒரு சிறு விபத்து. டிவி படம் ஒற்றைவரி ஒரு தடவை, இரட்டைவரி ஒரு தடவை என்று நொடிக்கு 50 அரைப்படமாக வருவது. எந்த வரி முன்னே என்ற ஒரு பொத்தானை ஆய்வாளர் மாற்றி அழுத்திவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. உறையூரில் நடந்தவர்கள் எல்லாரும் ஓரடி முன்னே வைத்து அரையடி பின்னே வந்தார்கள். “அந்தப் பெரியம்மாவுக்கு ஏன்டா இப்படி உதறுது? கதையில ஏதும் வியாதியா?” என்று அத்தை கேட்டுவிட்டு, அடுத்த நாலு பகுதியும் அந்த வியாதி வெளியாகும் என்று காத்திருந்தாராம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பரிகாரமாகக் கல்யாணப் பகுதியை மட்டும் தனித் தட்டில் எடுத்துச் சென்றேன். மூலப்பதிவு ஹார்டு டிஸ்கில் இருந்தது. முழு அகலம், இரு சுற்று, நொடிக்கு 90 லட்சம். 22 நிமிடத்துக்கே தட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. எறும்புகள் உட்பட எல்லாம் துலக்கம். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை ஒவ்வொரு மணியாக விழுந்தது, மஞ்சள் கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்து. திரும்பப் போடு.”

போட்டேன். இன்னொரு முறை. மூன்றாவது முறை ரிமோட்டை அவரே வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு முடிச்சுதான்டா விழுந்திருக்கு. நாத்தனார் முடிச்சை யாருமே போடலை.”

பார்த்தேன். உண்மைதான். நாத்தனாராக நடித்தவர் கையைப் பின்னால் கொண்டுபோகிறார், அதற்குள் காட்சி வெட்டுப்படுகிறது.

“அப்ப இந்தக் கல்யாணம் செல்லுமா, செல்லாதா? இதுக்கப்புறம் அவ அந்த வீட்டுக்காக எவ்வளவு பட்டிருக்கா!”

அன்று மாலை கரண்ட் வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அதே பகுதியைப் பாதி அகலம், ஒரே சுற்று, நொடிக்கு 15 லட்சம் என்று வைத்து மறுபடி ரைட் பண்ணிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.