ஆவணப் பெயர்ச்சி: சி வீட்டிலிருந்து டி வீட்டுக்கு

குருப்பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை, சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை. ஆவணப் பெயர்ச்சியைப் பஞ்சாங்கம் கணிப்பதில்லை. சி டிரைவில் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால், விண்டோஸ் அதன் நீலப் பட்டையைச் சிவப்பாக்கிக் காட்டும். அன்றே முகூர்த்தம். வீட்டில் யாராவது ஒருவர், "டாகுமெண்ட்ஸை டி-க்கு மாத்திடலாமே" என்பார். அந்த ஒரு வரிக்கு உரை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எழுத்ததிகாரம். கணினியின் நெடுங்கணக்கு ஏன் சி-யில் தொடங்குகிறது எனின், ஏ, பி இரண்டும் பிளாப்பிக்குப் பட்டா எழுதிக் கொடுத்த எழுத்துகள். 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கோடு வந்தபோது, அந்த டிஸ்க்குக்கு மூன்றாம் எழுத்தே கிடைத்தது. (10 மெகாபைட் என்பது இன்றைய கைப்பேசிப் படம் நான்கைந்துக்கு உறைபோடக் காணும்.) பிளாப்பி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அதன் இரண்டு மனைகளும் இன்றும் பெரும்பாலான வீடுகளில் முள் மண்டிக் கிடக்கின்றன.

அடுத்து, பாகப்பிரிவினை. நம் ஊரில் கணினியைப் பூட்டித் தரும் தம்பி, இருக்கும் ஒரே டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, வாசற்படியில் நின்று ஒரு சூத்திரம் சொல்லிவிட்டுப் போவார்: "சி-ல எதையும் வைக்காதீங்க சார், பார்மட் அடிச்சா போயிடும்." இதில் 'எதையும்' என்பதன் உம்மை முற்றும்மை. 'போயிடும்' என்பதற்கு எழுவாய் தொக்கி நிற்கிறது. எது போகும் என்பது போன பிறகே விளங்கும்.

சூத்திரம் பொய்யன்று. சி-யை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றினாலும் டி-யில் உள்ளவை பிழைக்கும். ஆனால் தனிக்குடித்தனம் போனவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நடுவில் எழுந்தது சுவர்தான், கூரை ஒன்றே. டிஸ்க் இறந்தால் இரு குடும்பமும் ஒரே நாளில் தெருவுக்கு வரும். இதைச் சொன்னால், "டி-ல தான சார் வெச்சிருக்கோம்" என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

யுனிக்ஸ் மரபில் கதை தலைகீழ். பெல் ஆய்வகத்தில் யூஎஸ்ஆர் என்ற அடைவு முதலில் பயனர்களின் வீடாகத்தான் இருந்தது. இயங்குதளம் தன் இடம் போதாமல் அங்கே தன் சாமான்களைக் கொண்டுவந்து போட்டது, பிறகு கிளம்பவே இல்லை. கடைசியில் குடியிருந்தவர்கள் ஹோம் என்று வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். பெயர்ப்பலகை மட்டும் பழைய வீட்டிலேயே தொங்குகிறது.

பெயர்ச்சி முறை எளிது. டாகுமெண்ட்ஸ் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். ஒரே டிரைவுக்குள் கோப்பை நகர்த்தினால் முகவரிதான் மாறும். ஆகவே கண்ணிமைப்பதற்குள் முடியும். வேறு டிரைவுக்குப் போவதானால் ஒவ்வொன்றையும் அங்கே நகலெடுத்து, இங்கே அழிக்க வேண்டும். அதற்குள் ஒரு காபி ஆறிவிடும். புது முகவரி ரிஜிஸ்ட்ரி என்னும் ரேஷன் கார்டில் ஏறும். அந்தக் கார்டில் டாகுமெண்ட்ஸுக்கு இன்றும் 'பெர்சனல்' என்றே பெயர். படங்களுக்கு 'மை பிக்சர்ஸ்'. விஸ்டா வந்த 2007-இல் வாசலில் இருந்த 'மை' கழன்றது; கார்டில் யாரும் திருத்தவில்லை. அப்போதுதான் 'டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற நீண்ட தெருவும் 'யூசர்ஸ்' ஆயிற்று. பழைய பெயரைச் சொல்லி வரும் பழைய நிரல்களை விண்டோஸ் புது இடத்துக்கு அனுப்பிவிடும். நாம் அதே பெயரைச் சொடுக்கினால் அனுமதி இல்லை என்று விரட்டும். மவுண்ட் ரோடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் அண்ணா சாலைக்கு வருவார், கடிதம் எழுதியவனை மட்டும் தபால்காரர் அடிப்பார் என்பது போல.

இனிச் செய்முறைச் சான்று. ஆய்வாளன் தன் டாகுமெண்ட்ஸுக்கு டி-யில் ஓர் அறை கட்டாமல், அவசரத்தில் டி-யையே காட்டிவிட்டான். விண்டோஸ் மறுக்கவில்லை, கொண்டுபோய் இறக்கியது. அதுமுதல் டாகுமெண்ட்ஸைத் திறந்தால் மின்கட்டண ரசீதோடு இளையராஜா பாடல்கள் 6 ஜிபி, மைத்துனன் கல்யாண நலங்கு வீடியோ, பெயர் தெரியாத ஒருவரின் பயோடேட்டா எல்லாம் கிடந்தன. பழைய இடத்துக்கே திருப்பு என்றால், எல்லாக் கோப்புகளையும் கொண்டுபோகட்டுமா என்று கேட்டது. எல்லாம் என்றால் டி முழுவதும். முற்றும்மையின் கொடுமையை அன்று உணர்ந்தேன். வேறு வழியின்றிச் சம்மதித்தேன். அதற்கும் அனுமதி இல்லை என்றது. கடைசியில் ரேஷன் கார்டைத் திறந்து, 'பெர்சனல்' என்பதற்கு எதிரே நானே முகவரியைத் திருத்தி எழுதி, கணினியை அணைத்து ஏற்றி, என் கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புது அறையில் வைத்தேன்.

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "என்னங்க, டி செவப்பா இருக்கு?"

இ ஒன்று மிச்சமிருக்கிறது.