நெட்டுருவுக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: மாணவர் புரிந்து படிக்கிறாரா, உருப்போடுகிறாரா என்று கேள்வித்தாளால் அளக்க முடியுமா? அதையே அரபியிலும் ஆங்கிலத்திலும் கொடுத்தால் ஒரே விடை வருமா?

பதில்: அளக்கலாம், மாணவர் உண்மையைச் சொன்னால். சுவீடனின் மார்ட்டன், செலியோ இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கட்டுரையைப் படித்தவர்களில் சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். சிலர் பரீட்சைக்கு வரக்கூடிய வரிகளைப் பொறுக்கினார்கள். ஆழ்கற்றல், மேலோட்டக் கற்றல் என்ற பிரிவு அங்கே பிறந்தது. 2001இல் ஜான் பிக்ஸ் குழு அதை 20 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாளில் அடக்கியது: ஆழத்துக்குப் பத்து, மேலோட்டத்துக்குப் பத்து.

இதை அரபிக்குக் கொண்டுபோக ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தையே பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டும் ஒத்துப்போனாலும் வேலை முடியாது. இரு மொழியிலும் அந்த வாக்கியங்கள் அதே இரண்டு கூட்டமாகத்தான் பிரிகின்றனவா என்று புள்ளியியல் கொண்டு பார்க்க வேண்டும். பிரியாவிட்டால் மதிப்பெண்களை ஒப்பிடுவது வெட்டி வேலை.

இந்த ஒப்பீட்டில் மனப்பாடம்தான் பெரிய வில்லன். புரியாவிட்டாலும் திரும்பத் திரும்பச் சொல்லி நெட்டுருப் போடுவதாக ஒப்புக்கொண்டால் 'மேலோட்டம்' கணக்கில் ஏறும். ஆனால் சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்து பழகியவருக்கு மனப்பாடம் புரிதலுக்கு முதல் படியாகவும் இருக்கலாம். சீன மாணவர்களிடமும் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். போதாததற்கு, வளைகுடாப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பொறியியலும் மருத்துவமும் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் தகராறு செய்வதால் வரிக்கு வரி உருப்போடுகிறவரையும் அந்தத் தாள் மேலோட்டக்காரர் என்றே எழுதிக்கொள்ளும்.